நிழல் விழும் தரையைக் கல்லால் மூட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் பெங்களூரு வாசகர் ஒருவர், தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறத்தில் மரநிழல் அடர்ந்த இடத்தில் எத்தனை முறை புல் பதித்தாலும் பட்டுப்போகிறது என்றும், ஆகவே அந்த இடம் முழுவதற்கும் இன்டர்லாக் கல் போட்டுவிடச் சங்கக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அவருடைய வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஜீவன்பீமாநகர், இந்திராநகர், அல்சூர், காக்ஸ் டவுன் என்று நான் நடந்து போய்வரும் பகுதிகள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு வளாகமாக இதே முடிவுக்கு வந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன். நேற்றுவரை மண்ணாக இருந்த மரத்தடி ஒரே வாரத்தில் சாம்பல் நிறக் கல்லாகிவிடுகிறது. சில இடங்களில் கல்லுக்குப் பதிலாகப் பச்சை பிளாஸ்டிக் புல்லை விரித்துவிடுகிறார்கள். பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள், எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தோட்டப் பொறுப்பைப் பார்த்துவருகிறவள் என்ற முறையில், இதற்கு மாற்று ஒன்று உண்டு என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நிழலில் புல் வராது என்பது உண்மைதான். ஆனால் புல் வராத இடத்தில் வேறு எதுவும் வராது என்று முடிவு கட்டிவிடுவதை ஏற்க முடியாது. தரையோடு தரையாகப் படர்ந்து, ஒரு சாண் உயரத்தைத் தாண்டாமல், ஆண்டு முழுவதும் பச்சை மாறாமல் நிற்கும் செடிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் பல காட்டு மரங்களின் அடியில் பிறந்து வளர்ந்தவை. நேர்வெயில் பட்டால்தான் அவற்றுக்குத் துன்பம். பெங்களூரின் மிதமான வெப்பமும், ஜூன் முதல் அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும் மழையும் அவற்றுக்கு மிகவும் ஏற்றவை. இத்தனை வசதியும் இருந்தும் நாம் மண்ணை மூடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

புல் ஏன் தோற்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகிவிடும். அருகம்புல்லாகட்டும், நர்சரிகளில் மெக்சிகன் புல், கொரியன் புல் என்று விற்கப்படுபவையாகட்டும், எல்லாம் திறந்த வெளியில் வெயில் காய்ந்து வாழப் பழகிய இனங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் கிடைக்காவிட்டால் அவை ஒளியைத் தேடி மெலிந்து நீளும், நிறம் வெளுக்கும், கணுக்கள் விலகும். நாமோ அது நீண்டுவிட்டதென்று எந்திரத்தை ஓட்டி வெட்டுகிறோம். உணவு தயாரிக்க அதற்கு மீதமிருந்த கொஞ்ச இலையும் போய்விடுகிறது. பிறகு வாடிவிட்டதென்று தண்ணீரைக் கூட்டுகிறோம். காற்றோட்டம் இல்லாத ஈர நிழலில் பூஞ்சை பிடிக்கிறது. இதற்கிடையே மரத்தின் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில் உள்ள நீரையும் சத்தையும் முந்திக்கொண்டு உறிஞ்சுகின்றன. அகன்ற இலையுடைய பஃபலோ புல் மட்டும் ஓரளவு நிழலைத் தாங்கும். ஆனால் அடர்ந்த மாமரத்தடியில் அதுவும் நிலைக்காது. கடைசியில் தோட்டக்காரர் சொல்லும் யோசனை கிளைகளை வெட்டிவிடலாம் என்பதாக இருக்கும். புல்லுக்காக மரத்தை வெட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. 1908-இல் பெங்களூரின் லால்பாக் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் குரும்பீகல் முதலானோர், ஒன்று பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் சாலையோரங்களில் மரங்களை நட்ட நகரம் இது. அந்த நிழல் நமக்குக் கிடைத்த சொத்து. அதற்கு ஏற்ற செடியை அதன் அடியில் வைப்பதுதான் நாம் செய்ய வேண்டியது.

செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் எந்த மாதிரி நிழல் என்று பார்க்க வேண்டும். நடுப்பகலில் அந்த இடத்தில் நின்று, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் அங்கே ஒளி போதுமான அளவு இருக்கிறது. கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் அது மிதமான நிழல். நிழலே விழவில்லை என்றால் அது ஆழ்ந்த நிழல். தூங்குமூஞ்சி மரம், குல்மொஹர், ஜக்கராண்டா ஆகியவற்றின் சிற்றிலைகளின் வழியே வெயில் புள்ளி புள்ளியாக இறங்கும். அவற்றின் அடியில் பெரும்பாலான நிழல் விரும்பிச் செடிகள் மகிழ்ச்சியாக வளரும். மா, பலா, புங்கை ஆகியவற்றின் அடியில் ஒளி குறைவு. இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விடப்படும் குறுகிய சந்து. அங்கே மழை நேராக விழாது, மண்ணில் கட்டட இடிபாடும் சுண்ணாம்பும் கலந்திருக்கும், மேல்மாடி ஏசி எந்திரங்களின் வெப்பக் காற்றும் அடிக்கும். அந்தச் சந்துக்கு மட்டும் மேல்மண்ணை அரை அடியாவது அகற்றிப் புதுச் செம்மண்ணும் மட்கிய எருவும் இட்ட பிறகே எதையும் நட வேண்டும்.

இப்போது செடிகளுக்கு வருகிறேன். பெங்களூரின் நிழல் தரைக்கு ஒரே ஒரு செடியைச் சொல் என்று யாராவது கேட்டால், தயங்காமல் குட்டை மாண்டோ புல் என்றே சொல்வேன். சித்தாபுரம் நர்சரிகளில் தொடங்கி ஊர்க்கோடி வரை எங்கும் கிடைப்பது இது. பெயரில் புல் இருந்தாலும் இது புல் இனம் அல்ல. நம் நாட்டு மருத்துவத்தில் பயன்படும் தண்ணீர்விட்டான் கிழங்குச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளின் காட்டு நிழலில் இயற்கையாக வளர்வது. குட்டை வகையின் இலைகள் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீளமே இருக்கும். கரும்பச்சை நிறத்தில், சற்றே வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். இதை வெட்டவே வேண்டாம். மண்ணுக்கடியில் மெல்லிய தண்டு விட்டு, பக்கத்தில் அடுத்த குருத்தை எழுப்பி, மெதுவாகப் பரவும். வேர்களில் ஆங்காங்கே சிறு கிழங்குகள் திரண்டு நீரைச் சேமித்து வைத்துக்கொள்வதால், வேரூன்றிய பிறகு சில நாள் தண்ணீர் விடாவிட்டாலும் தாங்கிக்கொள்ளும். இலைகளை விலக்கிப் பார்த்தால் சிறிய வெளிர் ஊதாப் பூக்களும், பின்னர் மயில்நீல நிறத்தில் மணி போன்ற காய்களும் தென்படும்.

இதில் ஒரே சிக்கல், இது மிகவும் மெதுவாக வளர்வதுதான். பொறுமையில்லாதவர்கள் பையைப் பிரித்து அப்படியே கட்டியாக நட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்தும் அதே கட்டிகள் தனித்தனித் திட்டுகளாக நிற்பதைக் கண்டு சலித்துக்கொள்கிறார்கள். நடும் முறைதான் இங்கே எல்லாம். பையோடு செடியைத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, பிளாஸ்டிக்கைக் கிழித்தெடுத்து, வேர்க்கட்டியை இரு கைகளாலும் பிடித்து மெல்ல உதிர்க்க வேண்டும். மண் கழன்றதும் ஒரு பைச் செடிக்குள் பல குருத்துகள் சேர்ந்திருப்பது தெரியும். ஒவ்வொரு குருத்திலும் சில இலைகளும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி விரலாலேயே பிரித்தெடுக்கலாம், கத்தி தேவையில்லை. நீண்டு தொங்கும் வேர்களை விரல் நீளத்துக்குக் கத்தரித்துவிட வேண்டும். இலையும் வேரும் சேரும் இடத்தில் வெண்மையாக ஒரு கழுத்து இருக்கிறதே, அது மண் மட்டத்தில் நிற்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் காயும். கூரான குச்சியால் குழியிட்டு, குருத்தை இறக்கி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் சுற்றி அழுத்திவிட வேண்டும். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு நூறு குருத்துகள் வேண்டும்; பதினைந்து சென்டிமீட்டர் விட்டால் ஏறத்தாழ 45 போதும், ஆனால் தரை மூடக் கூடுதல் காலம் காத்திருக்க வேண்டியிருக்கும். வரிசையாக நடாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக, மாற்றி மாற்றி நட்டால் மூடும்போது கோடு தெரியாது. நெருக்கமாக நட்டாலும் தரை முழுவதும் மூட ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் நமக்குப் பெரிய வேலை இல்லை.

அந்த முதல் ஆண்டில் களைதான் எதிரி. குறிப்பாகக் கோரைப்புல். அதன் கிழங்கு மண்ணில் இருந்தால் மாண்டோவின் நடுவே முளைத்து, இலையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் பிரித்தறிவதற்குள் பரவிவிடும். ஆகவே நடுவதற்கு முன்பே மண்ணை நனைத்து, கோரை முளைக்கவிட்டு, களைக்கொத்தின் முனையால் கிழங்கோடு தோண்டியெடுத்துவிட வேண்டும். இதை இரண்டு முறை செய்தால் பிறகு நிம்மதி. புளியாரை போன்றவற்றை அவ்வப்போது கையால் பிடுங்கினால் போதும். களைக்கொல்லியை மரத்தடியில் தெளிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் நாட்டுச் செடிகளிலும் நல்லவை உண்டு. வல்லாரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈரம் நிற்கும் மிதமான நிழலில் அது கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கம்பளமாகப் படரும். வீட்டுக்குழாயின் கசிவு ஓடும் ஓரம், கிணற்றடி, மழைநீர்த் தொட்டியின் பக்கம் ஆகியவை அதற்கு உகந்த இடங்கள். அதைப் பறித்துத் துவையல் அரைக்கலாம் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கழிவுநீர் படும் இடத்திலோ, பூச்சிமருந்து தெளித்த இடத்திலோ, நாய்கள் நடமாடும் பொதுத் தோட்டத்திலோ வளர்வதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. மண்ணிலும் நீரிலும் உள்ள கேட்டை இழுத்துக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. திப்பிலியும் அழகான தரைக்கொடி. இதய வடிவ இலையோடு மரநிழலில் பரவும், ஈரம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் நிபந்தனை. வெயில் சற்று எட்டிப்பார்க்கும் ஓரங்களுக்குப் பொடுதலையை வைக்கலாம். மிதிபட்டாலும் தாங்கும், அதன் சிறு பூக்களைத் தேனீக்கள் நாடி வரும். மஞ்சள் பூ விடும் பின்டோய் நிலக்கடலைக் கொடி பிரேசிலிலிருந்து வந்தது என்றாலும், பயறுக் குடும்பத்தைச் சேர்ந்ததால் காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் குணம் உடையது. அரை நிழலில் நன்றாகத் தழைக்கும். ஸ்பைடர் பிளான்ட்டும் பைலியா வகைகளும் தொட்டிச் செடிகள் என்றே பலர் எண்ணுகிறார்கள். தரையிலும் அவை நன்றாகவே பரவும்.

சிலவற்றை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். விலை மலிவு, சீக்கிரம் பரவும் என்று ஒப்பந்தக்காரர்கள் முதலில் கொண்டுவந்து இறக்குவது, மஞ்சள் நிறச் சாமந்தி போலப் பூக்கும் வெடேலியாக் கொடி. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இடம்பெற்ற செடி அது. வெட்டி எறிந்த ஒரு துண்டு, வாய்க்கால் வழியே போய் ஏரிக்கரையில் வேர்விட்டால் அங்கிருக்கும் மற்ற செடிகளை மூடிவிடும். இத்தனைக்கும் அடர்ந்த நிழலில் அது பூப்பதும் குறைவு. சிங்கோனியமும் மணி பிளான்ட்டும் தரையில் இருக்கும்வரை அடக்கமாக இருக்கும். மரத்தைத் தொட்டதும் மேலே ஏறி, இலை முறம் அளவுக்குப் பெருத்துவிடும். ஊதாக் கோடு போட்ட டிரடஸ்கான்ஷியா கண்ணுக்கு அழகுதான், ஆனால் அதன் சாறு நாய்களின் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் செல்லப் பிராணிகள் உலவும் வளாகத்தில் வேண்டாம். வெளிநாட்டுக் காணொளிகளில் அமெரிக்கத் தோட்டங்களின் மரத்தடி முழுக்கப் பளபளக்கும் பாகிசாந்திரா என்ற தரைச்செடியைப் பார்த்துவிட்டு அதைத் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள். அது குளிர்நாட்டுச் செடி. பனிக்காலம் உள்ள ஊர்களில் அது செய்வதை இங்கே மாண்டோ செய்கிறது.

மண்ணைத் தயார் செய்வதில் ஒரு கண்டிப்பான வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். வளர்ந்த மரத்தின் அடியில் மண்வெட்டி போட்டுக் கொத்தக் கூடாது. மரத்துக்கு உணவூட்டும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேலிருந்து ஓரடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. அதைக் கொத்தினால் மரம் உடனே ஒன்றும் காட்டாது, சில ஆண்டுகளில் உச்சிக்கிளை காயத் தொடங்கும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. அதேபோல லாரியில் செம்மண் கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றி ஓரடிக்குக் கொட்டி மேடு கட்டுவதும் கெடுதல். வேருக்குக் காற்று போகாது, பட்டை ஈரத்தில் அழுகும். வேர்களுக்கு இடையே குச்சியால் குழி செய்து சிறு குருத்துகளாக நடுவதும், மேலே சல்லடையில் சலித்த இலைமட்கை இரண்டு விரற்கடைக்கு மிகாமல் தூவுவதுமே போதுமானது. அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு எதையும் நடாமல் விட்டுவிடுங்கள்.

நடும் காலம் ஜூன் மாதத்து முதல் நல்ல மழைக்குப் பிறகு. அதைத் தவறவிட்டால் செப்டம்பர், அக்டோபர். அந்த மாதங்களில் இங்கே மழை வலுவாகவே இருக்கும். மார்ச் மாதத்தில் நட்டுவிட்டு, கோடை முழுவதும் குழாயைத் திறந்துவைப்பது வீண் செலவு மட்டுமன்று, இந்த ஊரில் அது அநியாயமும்கூட. நாம் குடிக்கும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 மார்ச் மாதத்துத் தட்டுப்பாட்டின்போது தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோடையில் வெயிலில் இருந்த புல்வெளிகள் எல்லாம் வைக்கோலாகின. வேரூன்றிய மாண்டோவும், இலைமட்கு போர்த்திய நிழல் பாத்திகளும் பிழைத்தன. பெரிய குடியிருப்புகளில் சுத்திகரித்த கழிவுநீர் வீணாக வடிகாலில் ஓடுகிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உப்பு மிகுந்திருந்தால் மாண்டோவின் இலை நுனிகள் பழுப்பாகும். நல்ல மழை ஒன்று பெய்தால் உப்பு கழுவிப்போகும் என்பதால், மழைநீர் அந்தப் பாத்திகளின் வழியே இறங்கும்படி சரிவை அமைத்துவிட்டால் நல்லது. ஆர்.ஓ. எந்திரம் வெளியேற்றும் நீரை மட்டும் தொடர்ந்து ஊற்றாதீர்கள். அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் எல்லாம் நல்லவையே.

சங்கக் கூட்டங்களில் தவறாமல் எழும் சில அச்சங்களுக்கும் விடை சொல்ல வேண்டும். தரை மூடிச் செடி வைத்தால் பாம்பு வரும் என்பது முதலாவது. பாம்பு எலியைத் தேடி வருகிறது; எலி நாம் திறந்துபோடும் குப்பையைத் தேடி வருகிறது. நான்கு விரல் உயரமுள்ள, இடைவெளியின்றி மூடிய பச்சைத் தரையைவிட, அடுக்கிப் போட்ட பழைய ஓடுகளும் உடைந்த தொட்டிகளும் அதற்குப் பாதுகாப்பான இடம். குப்பையையும் இடிபாட்டையும் அகற்றுவதே அதற்குத் தீர்வு. கொசு இரண்டாவது. கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில், இலையில் அல்ல. நிழலான செடிகளில் பகலில் அது தங்கும் என்பது உண்மை, ஆனால் அது முழங்கால் உயரப் புதர்களுக்குப் பொருந்தும் அளவுக்கு, தாழ்ந்த தரைச் செடிக்குப் பொருந்தாது. சரியாகப் பதிக்காத இன்டர்லாக் கற்களின் பள்ளங்களிலும், அடைத்துக்கொண்ட வடிகால் குழிகளிலும் தேங்கும் நீரையே முதலில் பார்க்க வேண்டும்.

உண்மையான தொல்லை நத்தையால்தான். மழைக்காலத்தில் பெங்களூரின் தோட்டங்களில் பெருகும் ஆப்பிரிக்கப் பெருநத்தை, இளம் குருத்துகளை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். சிலர் அதன்மேல் உப்பைக் கொட்டுகிறார்கள். நத்தையோடு மண்ணும் கெட்டுப்போகிறது. இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் தேடி, கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கியெடுப்பதே பயனுள்ள வழி. கையுறை கட்டாயம், ஏனெனில் மூளையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழுவை அந்த நத்தை சுமந்திருக்கலாம். குழந்தைகளை அதைத் தொடவிடக் கூடாது. நனைத்த சாக்கை மாலையில் பாத்தியோரம் விரித்துவைத்தால், விடியலில் அதன் அடியில் ஒதுங்கியிருக்கும் நத்தைகளை மொத்தமாக எடுத்துவிடலாம்.

சருகு பற்றியும் ஒன்று. தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் மாண்டோவின் இடுக்குகளில் தாமாகவே இறங்கி மட்கிவிடும். அவற்றைத் தொடவே வேண்டாம். மாவிலை, பலாவிலை போன்ற பெரிய சருகுகள் செடியை மூடிக் கிடந்தால் அடியில் இலை மஞ்சளாகும் என்பதால் அவற்றை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். கடினமான ஈர்க்குமாறால் அழுத்திப் பெருக்கினால் புதுக்குருத்து பிடுங்கிக்கொண்டு வரும். கையால் பொறுக்குவதோ, மூங்கில் வாரியால் மேலோட்டமாக இழுப்பதோ நல்லது. இதைத் துப்புரவுப் பணியாளரிடம் ஒருமுறை அருகில் நின்று காட்டிக்கொடுத்துவிட்டால் போதும், அவர்கள் நம்மைவிடக் கவனமாகச் செய்கிறார்கள். சேர்ந்த சருகை எரிக்காமல் வளாகத்தின் ஒரு மூலையில் கம்பிவலைத் தொட்டியில் குவித்து, அவ்வப்போது நனைத்துவந்தால், அடுத்த ஆண்டு பாத்திக்குத் தேவையான மட்கு அதிலேயே கிடைத்துவிடும்.

கல் பதிப்பதைப் பற்றிச் சிலர், அதுவும் இடுக்குகள் உள்ளதுதானே, நீர் இறங்கும்தானே என்று கேட்கிறார்கள். கல்லுக்கு அடியில் மண்ணை எந்திரத்தால் இடித்துக் கெட்டிப்படுத்தி, எம்-சாண்ட் எனப்படும் செயற்கை மணலும் ஜல்லியும் பரப்பித்தான் பதிக்கிறார்கள். விளிம்புகளைச் சிமென்டால் பூசுகிறார்கள். சில மழையிலேயே இடுக்குகளை வண்டல் அடைத்துவிடுகிறது. எங்கள் பகுதியில் ஒரு வளாகத்தில் அடிமரம் வரை கல் பதித்தார்கள். அடுத்த பெருமழையில், அதுவரை மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்த நீர் சரிவில் ஓடிக் கீழ்த்தள வாகன நிறுத்தத்துக்குள் புகுந்தது. அந்த மரத்தின் வேர்கள் கற்களைத் தூக்கத் தொடங்கியதும், முதியவர்கள் இடறி விழுகிறார்கள் என்று மரத்தையே அகற்றும்படி இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மரம் செய்த குற்றம் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. தலைநகரில் உடைத்தெடுக்கச் சொன்னதை, தோட்ட நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் நாம் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பிளாஸ்டிக் புல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: வெயில் பட்ட இடத்தில் வெறுங்கால் வைக்க முடியாதபடி சுடுகிறது, நிழலில் பாசி பிடிக்கிறது, நைந்ததும் துகள் துகளாக உதிர்ந்து மண்ணில் கலக்கிறது, அதன் அடியில் ஒரு மண்புழுகூட மிஞ்சுவதில்லை.

நடப்பதற்கு வழி வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. நிழல் விரும்பிச் செடிகளில் பெரும்பாலானவை தொடர்ந்து மிதிபடுவதைத் தாங்காது; குழந்தைகள் பந்து விளையாடும் இடத்தில் மாண்டோவை நட்டுப் பயனில்லை. நடக்கும் தடத்தில் மட்டும் ஓரடிக்கு ஒன்றரை அடி அளவுள்ள கருங்கல் பலகைகளை ஒரு தப்படி இடைவெளியில் மண்ணிலேயே பதித்து, இடையில் செடியை விட்டுவிடலாம். பெரிய வேர் குறுக்கிட்டால் பலகையைச் சற்று நகர்த்திவைக்க வேண்டும், வேரை வெட்டக் கூடாது. சிமென்ட் ஒரு பிடியும் இதற்குத் தேவையில்லை.

கரகத் திருவிழாவை நடத்திவரும் திகளர் சமூகத்தார், தலைமுறை தலைமுறையாகத் தோட்டமே தொழிலாக இந்த ஊரில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பழக்கவழக்கங்களிலும் பேச்சிலும் தமிழின் வேர் இருப்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த மரபில் வந்த மூத்த தோட்டக்காரர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த மரத்தடியில் எது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியலைப் படிப்பதற்கு முன், சங்கத் தலைவர்கள் அப்படிப்பட்ட ஒருவரை அழைத்து அந்த இடத்தைக் காட்டிவிட்டுப் பிறகு முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தோட்டக்கலைத் துறையினர் ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாகில் மலர்க்காட்சி நடத்துகிறார்கள். நிழல் தரைக்கு ஏற்ற செடிகளுக்கென்று ஒரு தனிப் பாத்தியும், நட்டுக்காட்டும் ஒரு சிறு செயல்விளக்கமும் அதில் இடம்பெற வேண்டும் என்று தங்கள் நாளிதழ் எடுத்துச் சொன்னால், வெயிலில் பூக்கும் செடிகளை மட்டும் பார்த்துத் திரும்பும் பல்லாயிரம் பேருக்குப் பயன்படும்.

கடிதம் எழுதிய வாசகருக்கு இறுதியாக ஒன்று. தங்கள் சங்கம் கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிடவில்லை என்றால், ஒரு மரத்தடியை மட்டும், பத்துக்குப் பத்து அடி, இந்த ஒரு மழைக்காலத்துக்குத் தங்களிடம் விட்டுவைக்கும்படி கேளுங்கள். கோரையை இப்போதே எடுத்துவிட்டு, இலைமட்கைச் சேர்த்துவைத்து, ஜூன் மழை மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியதும் நடத் தொடங்குங்கள். எங்கள் வளாகத்தில் மாண்டோ நெருங்கிப்போய்ப் பிரித்தெடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. தங்களுக்குத் தேவையான குருத்துகளைத் தர எங்கள் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால், ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஜீவன்பீமாநகர், பெங்களூரு.